ஐந்தாவது தடவை ஓடும் கம்ப்யூட்டர்

கேள்வி: எங்கள் டெஸ்க்டாப்புக்கு எட்டு வயது. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் இரண்டு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை அழுத்தினால் ஓடுகிறது. அப்புறம் ராத்திரி வரை தொந்தரவே இல்லை. கடையில் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். காலையில் சண்டித்தனம், மதியம் சமர்த்து என்றால் என் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) மேல்தான். அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி உருளைகள்) திரவம் வருடக்கணக்கான சூட்டில் வற்றிப்போகும். வற்றிய கெபாசிட்டர் ஆறியிருக்கும்போது உள்தடை கூடி மக்கர் செய்யும். சூடேறினால் கொஞ்சம் வழிக்கு வரும். நீங்கள் விடாமல் அழுத்தி அழுத்தி அதைச் சூடேற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினட்டைத் திறந்து, பிராசசரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கடைக்காரர் சொன்னது சரி. இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்குங்கள். காலையில், மெஷின் ஆறியிருக்கும்போதே மாட்டிப் பாருங்கள். மதியம் மாட்டினால் எதுவும் புரியாது. 24 பின் கனெக்டரோடு, பிராசசர் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் செருக மறக்காதீர்கள். முதல் அழுத்தலிலேயே ஓடினால் போர்டு பிழைத்தது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்க, சிலர் அந்த 24 பின் கனெக்டரின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்துப் பார்ப்பார்கள். அதில் ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது. மஞ்சள் ஒயரில் 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள் வர வேண்டும். வந்தாலும் லோடு ஏறும்போது படுத்துவிடலாம். அதனால்தான் இரவல் வாங்கச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

கடைக்காரர் மேல் கோபம் வேண்டாம். கடை போட்ட புதிதில் நானும் ஒரு டியூஷன் சென்டர் மெஷினுக்கு இப்படித்தான் போர்டு மாற்றினேன். மறுநாள் காலை புது போர்டிலும் அதே இரண்டு சுற்று! கழற்றிய பழைய போர்டை என் டெஸ்டிங் மேஜையில் வைத்து ரொம்ப நாள் ஓட்டினேன்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. டெஸ்டரும் எரிகிறது. உள்ளே ஷார்ட்டா?
(வாசகர், ஆரணி)

பதில்: பெரும்பாலும் எர்த் இல்லாததுதான் காரணம். மூன்று பின் பிளக்கில் கன்வர்ட்டர் மாட்டி இரண்டு பின்னாக்கியிருக்கிறீர்களா? எஸ்.எம்.பி.எஸ். வாசலில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதன் கசிவு எர்த்துக்குப் போயாக வேண்டும். போக வழியில்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, கேபினட் தகரத்தில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு விடுகிறது. ஆனால் உள்ளே நிஜமாகவே ஷார்ட் ஆனால் காப்பாற்ற வேண்டியது அந்த எர்த் ஒயர்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டிலும் எர்த் குழியிலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மெஷினை ஓட்ட வேண்டாம்; கன்வர்ட்டரைக் குப்பையில் போடுங்கள்.