எல்ம் போன்சாயின் குளிர்காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இலை முழுவதும் உதிர்ந்துவிட்ட அமெரிக்கன் எல்மை ஜன்னலே இல்லாத கராஜில் வைக்கலாமா?

வைக்கலாம். இலையில்லாத மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. மொட்டு விரிந்த பிறகுதான் இருட்டு ஆகாது. கராஜுக்குள் தொட்டி மட்டத்தில் ஒரு வெப்பமானியை வையுங்கள்; மைனஸ் 5-க்கும் பிளஸ் 5-க்கும் இடையில் அது நின்றால் மரம் நிம்மதியாக உறங்கும்.

சைபீரியன் எல்ம் மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும் என்று தொட்டியில் செருகியிருந்த சீட்டு சொன்னது. எங்கள் பகுதியில் மைனஸ் 25-க்குக் கீழே குளிர் போகவே இல்லை. ஆனாலும் மேடையில் வைத்திருந்த மரம் துளிர்க்கவில்லை. சீட்டில் இருந்தது பொய்யா?

பொய்யில்லை. ஆனால் அந்த எண் உங்கள் மரத்துக்குப் பொருந்தாது என்பதைச் சீட்டை அச்சிட்டவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் இதே கடிதம் எனக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் வேதனைப்படுகிறது. குளிர் தாங்கும் அளவாகக் குறிக்கப்படும் எண் நிலத்தில் நட்ட மரத்துக்கானது. வெளியே காற்று மைனஸ் 25-இல் வீசும்போதும், பனிப்போர்வைக்கு அடியில் ஒரு முழ ஆழத்து மண் பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்குச் சில டிகிரி கீழேயோதான் இருக்கும். மேடைமேல் இருக்கும் தொட்டியை நான்கு பக்கமும் அடியிலும் காற்று சூழ்ந்திருப்பதால், கிளை படும் குளிர் முழுவதையும் வேரும் படுகிறது. கிளைக்கு இருக்கும் தாங்கும் சக்தி எந்த மரத்தின் வேருக்கும் கிடையாது. அதிலும் முடிபோன்ற இளவேர்கள்தான் முதலில் சாகும்.

என் தொடக்க நாள்களில் நானும் இப்படி ஒரு எல்மை இழந்திருக்கிறேன். நகத்தால் கீறியபோது கிளை பச்சையாகத்தான் இருந்தது. தண்டில் மிஞ்சியிருந்த நீரைக் கொண்டு மொட்டுகள்கூடச் சற்றே பருத்தன. தொட்டியிலிருந்து எடுத்து ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்தேன். பட்டை உறைபோலக் கழன்று விரல்களுக்கிடையே நின்றுவிட, உள்ளேயிருந்த நரம்பு மட்டும் நூலாக நீண்டது. வேர் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்த மரத்துக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே அடுத்த ஆண்டு இலை உதிர்ந்து, இலேசான உறைபனி நான்கைந்து முறை பட்ட பிறகு, தொட்டியை மேடையிலிருந்து தரையில் இறக்குங்கள். வெயிலும் காற்றும் படாத, கட்டடத்தின் வடக்குப் பக்கமாகப் பார்த்து வைத்து, முதல் கிளை வரை மரச்சில்லு மூடாக்கு போடுங்கள். அதன்மேல் விழும் பனியைத் துடைக்காதீர்கள். அதைவிட நல்ல கம்பளி கிடையாது. தெற்குச் சுவர் கதகதப்பாக இருக்கிறதே என்று அங்கே வைப்பவர்கள், பகலில் உருகி இரவில் உறையும் தொல்லைக்கு மரத்தைத் தாமே ஆளாக்குகிறார்கள்.

எல்மைக் குளிர்காலம் முழுவதும் சூடான அறையில் வைத்துப் பச்சையாகப் பார்த்துக்கொள்ள முடியுமா?

எந்த எல்ம் என்று எழுதவில்லையே! அமெரிக்கன், சைபீரியன் எல்ம்களுக்கு உறக்கம் கட்டாயம். ஏழெட்டு வாரமாவது 5 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். உறங்க விடாவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் நலிந்துவிடும். வெப்பமான பகுதியில் வளர்க்கப்பட்ட சைனீஸ் எல்ம் மட்டும் வீட்டுக்குள் சில காலம் தாக்குப்பிடிக்கும். மரத்தின் இனத்தைக் குறிப்பிடாமல் யாரும் இனிக் கேள்வி அனுப்ப வேண்டாம்.

குளிர்காலத்தில் வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

வாரக் கணக்கே வேண்டாம். மண் உறைந்திருந்தால் ஊற்றக் கூடாது. உறைவு விட்டதும் விரலை வைத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். கராஜில் இருப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தேவைப்படலாம். உறங்குகிறதே என்று மறந்துபோய், குளிரில் தப்பிய மரத்தை வறட்சிக்குக் கொடுப்பவர்கள் பலர்.

பனி விலகியபோது அடித்தண்டில் பட்டை கடிக்கப்பட்டிருந்தது. பிழைக்குமா?

சுற்றிவரக் கடித்திருந்தால் அதற்கு மேலுள்ள பகுதி போய்விடும். காயத்துக்குக் கீழிருந்து எல்ம் துளிர்க்கக்கூடும், பொறுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் விளிம்பைக் கூரிய கத்தியால் சீராக்கிக் காயப்பசை தடவுங்கள். எலிகள் பனிக்கு அடியிலேயே வழி பண்ணிக்கொண்டு வரும். மூடாக்கு போடும் அன்றே கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைத் தண்டைச் சுற்றி நிறுத்த வேண்டும்.

மார்ச்சிலேயே பகல் வெப்பம் 12 டிகிரிக்கு ஏறிவிட்டது, மொட்டுகள் பருக்கின்றன. வெளியே எடுத்துவிடலாமா?

இரவில் எத்தனை டிகிரி என்று எழுதியிருந்தால் நேராகச் சொல்லியிருப்பேன். பருத்த மொட்டு தன் குளிர்தாங்கும் சக்தியை இழந்துவிட்டது. விரிந்த தளிர் மைனஸ் 2-க்கே கருகும். கராஜ் கதவைப் பகலில் மூடி, உறைபனி இல்லாத இரவில் திறந்துவிட்டு, உள்ளே குளிர்ச்சியைக் காத்து மொட்டைத் தாமதப்படுத்துங்கள். தொட்டி மாற்றுவதானால் இதுவே தருணம். ஆனால் வேர் வெட்டிய மரத்தின் மண் அதன்பின் ஒருமுறைகூட உறையக் கூடாது. இங்கும் தொட்டி மட்டத்தில் உள்ள வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும், வானிலை அறிக்கையை அல்ல.

தொட்டி விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

நீர் உறிஞ்சும் சுடுமண் தொட்டி, அல்லது வாய் குறுகிய தொட்டியாக இருக்கும். உறைந்த மண் விரிவதற்கு இடமில்லாமல் போனால் எதுவும் பிளக்கும். மரத்தை வசந்தம் வரை அப்படியே மூடாக்கில் விட்டுவைத்து, மொட்டு பருக்கும்போது மரப்பெட்டிக்கு மாற்றுங்கள்.