ஈயமில்லா பீசோ வில்லை: முன்பணம் தருவதற்கு முன்

கேள்வி: மோட்டார் அதிர்வை அளக்கும் சென்சார்களைச் சிறிய அளவில் தயாரிக்கிறேன். இப்போது போடுவது பி.இசட்.டி. வில்லை, அதாவது அழுத்தினால் மின்னூட்டம் தரும், ஈயம் கலந்த பீசோ பீங்கான். ஐரோப்பாவுக்கு அனுப்பும் வாடிக்கையாளர் ஒருவர் ஈயம் கூடாது என்கிறார். கண்ணாடியைப் படிகமாக்கிச் செய்த ஈயமில்லா வில்லை தன்னிடம் இருக்கிறது, பழையதைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டலாம் என்று சொல்லி ஒரு தரகர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: முன்பணம் தராதீர்கள். அப்படியொரு பொருள் இருப்பது உண்மை. அப்படியே மாட்டலாம் என்பது பொய்.

பேரியம், டைட்டேனியம், சிலிக்கா கலவையை உருக்கிக் கண்ணாடியாக வார்த்து, பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் சூடு அதிகமாக இருக்கும்படி மீண்டும் சூடாக்குவார்கள். ஃப்ரெஸ்னாய்ட் என்ற படிகம் அந்த முகத்திலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் வளரும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். இன்றுவரை கடையில் கேட்டு வாங்கும் சரக்காக அது ஆகவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

இதில் திசைதான் எல்லாம். பி.இசட்.டி.யைச் செய்து முடித்த பிறகு உயர் மின்னழுத்தம் கொடுத்துத் திசைப்படுத்தலாம். ஃப்ரெஸ்னாய்ட்டில் அது நடக்காது. வளர்ந்த திசையே கடைசி. சூளையில் எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேறினால் இரு முகங்களிலிருந்தும் படிகம் எதிரெதிராக வளர்ந்து, ஒன்றின் மின்னூட்டத்தை மற்றது அழித்துவிடும். அந்த வில்லையும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

சரியாக வளர்ந்த வில்லையே ஒரு நியூட்டன் விசைக்குச் சுமார் 10 பிக்கோகூலும் மின்னூட்டம்தான் தரும். பி.இசட்.டி. 300க்கு மேல் தரும். பஸ்ஸர், அல்ட்ராசோனிக் வேலைக்கு இது ஆகாது. சென்சாருக்கு ஆகும், ஆனால் உங்கள் சர்க்யூட் மாற வேண்டும். 20 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள பி.இசட்.டி. வில்லையின் மின்தேக்குத்திறன் சில நானோஃபாரட். அதே அளவு ஃப்ரெஸ்னாய்ட்டுக்கு 30 பிக்கோஃபாரட் அளவில் நிற்கும். ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளே சுமார் 100 பிக்கோஃபாரட். சிக்னலைக் கேபிளே விழுங்கிவிடும். மின்னூட்டத்தை அளக்கக்கூடிய மின்னழுத்தமாக மாற்றும் சார்ஜ் ஆம்ப்ளிஃபயரை வில்லைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இதைத் தரகர் உங்களிடம் சொன்னாரா?

சூடான இடத்தில் இது பி.இசட்.டி.யை விட நம்பகமானது. பி.இசட்.டி. அளவு மீறிச் சூடானால் திசையை இழந்து செத்துப்போகும். இதற்கு அந்தப் பயம் இல்லை.

அடுத்தது சான்றிதழ் வலை. மின்சாதனங்களில் ஆபத்தான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதிதான் ரோஹெச்எஸ். 'ரோஹெச்எஸ் இணக்கம்' என்ற முத்திரையைக் காட்டி, ஈயம் இல்லை என்பார்கள். அதற்கு அப்படிப் பொருள் கிடையாது. 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த ஐரோப்பிய விதி ஈயத்துக்கு 0.1 சதவீத வரம்பு வைத்தது. ஆனால் பீசோ பீங்கானுக்கு விலக்கு கொடுத்தது. எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈயம் உள்ள பி.இசட்.டி. வில்லைக்கும் அந்த முத்திரை நியாயமாகவே கிடைக்கும்! விலக்கு வில்லைக்கு மட்டும்தான்; அதில் வயரை ஒட்டும் சாதாரண ஈயப் பற்றாசுக்கு இல்லை. பெரிய பீங்கானுக்கு விலக்கு, பக்கத்தில் உள்ள பொட்டு ஈயத்துக்குத் தடை. தற்காலிகம் என்று தந்த விலக்கைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கிறார்கள். மாற்றுப்பொருள் செய்ய யாருக்கு அவசரம் வரும்? ஆய்வகச் செலவு மட்டும் உங்களைப் போன்ற சிறு தயாரிப்பாளர் தலையில் விழுகிறது.

தரகரிடம் மாதிரி வில்லைகள் கேளுங்கள். ஒன்றை எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே மூலம் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும்) சோதனைக்கு அனுப்புங்கள், பி.இசட்.டி.யாக இருந்தால் அவ்வளவு ஈயம் ஒளிய இடமே இல்லை. இன்னொன்றை டி33 மீட்டர் (ஒரு நியூட்டனுக்கு எத்தனை பிக்கோகூலும் என்று அளக்கும் கருவி) உள்ள ஆய்வகத்தில், உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். 300 காட்டினால் அது ஃப்ரெஸ்னாய்ட் அல்ல, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சூளையில் கெட்டது. மாதிரி தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஈயமே கூடாதா, விதிக்கு இணங்கினால் போதுமா? இரண்டாவது என்றால், விலக்கு இன்றைய தேதியில் செல்லுபடியாகிறதா என்று பார்த்துக்கொண்டு, பழைய வில்லையையே வைத்துப் பற்றாசை மட்டும் மாற்றுங்கள்.