கப்பல் எங்கே? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழங்காலக் கடல் பயணம் பற்றிய ஒரு கண்காட்சிக்குப் போனேன். எங்கு பார்த்தாலும் உடைந்த சாடிகள். கப்பலையே காணோம். இதற்கு எதற்கு டிக்கெட்?

பதில்: கப்பலைப் புழு தின்றுவிட்டது. சாடியைத் தின்ன அதற்கு வழியில்லை. உப்புக் கடலில் மூழ்கிய மரத்தைக் கப்பல்புழு (பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம்) துளைத்துத் துளைத்தே இல்லாமல் செய்துவிடும். மணலில் புதைந்த பாகமும் சரக்கின் அடியில் அமுங்கிய பாகமும்தான் தப்பும்.

நீங்கள் சாடிகளை வேகமாகக் கடந்து வந்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். சைப்ரஸில் கைரேனியா கோட்டைக்குள் ஒரு கப்பல் இருக்கிறது. மூழ்கி சுமார் 2,300 ஆண்டுகள் ஆகின்றன. அதில் கிடைத்த சாடிகள் ஏறத்தாழ 400. அந்தப் பாரம் மேலே கிடந்ததால்தான் அடிப்பலகைகள் பிழைத்தன. ஆனால் அங்கே என்னைக் கவர்ந்தவை குடிக்கும் கிண்ணம் நான்கு, எண்ணெய்க் குடுவை நான்கு, உப்புத் தட்டு நான்கு, மரக்கரண்டி நான்கு. அப்படியென்றால் கப்பலில் இருந்தது நான்கு பேர். வலையில் கட்டும் ஈயக் குண்டுகளும் நிறையக் கிடைத்திருப்பதால், வழியில் மீன் பிடித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றும் ஊகிக்கலாம். முழுக் கப்பலே கிடைத்திருந்தாலும் அந்த நான்கு பேரை இவ்வளவு பக்கத்தில் காட்டியிருக்காது.

துருக்கியில் போட்ரம் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் உலுபுருன் கப்பல் இன்னும் பழையது, கி.மு. 14ஆம் நூற்றாண்டு. 1982இல் கடற்பஞ்சு எடுக்கக் குதித்த ஒருவர் கண்ணில் பட்டது. மரம் கொஞ்சம்தான் மிச்சம். சரக்கோ, செம்புப் பாளங்கள் 10 டன், வெள்ளீயம் 1 டன். பத்துக்கு ஒன்று, கிட்டத்தட்ட வெண்கலம் வார்க்கும் கணக்கு! யாரோ ஒருவருடைய பட்டறைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு நடுவழியில் நின்றுபோயிருக்கிறது. அடுத்த முறை சரக்குப் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கேள்வி: ஸ்வீடனில் வாசா என்று ஒரு கப்பல் அப்படியே முழுசாக இருக்கிறதே, அதைப் புழு விட்டுவிட்டதா?

பதில்: பால்டிக் கடலில் அந்தப் புழு பிழைக்கும் அளவுக்கு உப்பு இல்லை. 1628இல் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த போர்க்கப்பல் அது. 1961இல் தூக்கினார்கள். அப்படியே உலரவிட்டால் மரம் சுருங்கி வெடித்துவிடும். அதனால் பாலிஎத்திலீன் கிளைக்கால் (மரத்துக்குள் ஊறி நீரின் இடத்தைப் பிடிக்கும் மெழுகு போன்ற பொருள்) கலந்த நீரை 17 ஆண்டுகள் விடாமல் தெளித்தார்கள். அப்புறம் கந்தக அமிலம் மரத்துக்குள் உருவாவது தெரியவந்து, அதைத் தூண்டிய, துருப்பிடிக்கும் இரும்பு ஆணிகளை மாற்ற வேண்டியதாயிற்று. கடலில் இருந்தவரை செலவில்லாத கப்பல்!

கேள்வி: புதையல் வேட்டைக்காரர்கள் எடுத்த பொருளை அருங்காட்சியகம் வைக்கலாமா?

பதில்: சங்கடமான கேள்வி. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 9ஆம் நூற்றாண்டு அரபுக் கப்பல் ஒன்று கிடைத்தது. ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த கப்பல். சுமார் 60,000 சீனப் பாண்டங்கள், ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து. கிண்ணங்களைப் பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். ஆனால் எடுத்தது வணிக நிறுவனம், அரசு அனுமதியோடுதான். தொல்லியலாளர்கள் எதிர்த்ததால் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 2011இல் தன் கண்காட்சியைக் கைவிட்டது. சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் இன்று அவற்றைக் காட்டுகிறது.

எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. எந்தப் பொருள் எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற குறிப்புதான் கடலடி ஆய்வின் உயிர். அவசரமாக அள்ளினால் அது போச்சு. விற்பனைக்கு வாய்ப்பு உண்டு என்று தெரிந்தால் அடுத்தவரும் இறங்குவார். சரி, ஆனால் வெளியே வந்துவிட்டதைப் பூட்டிவைத்து யாருக்கு என்ன லாபம்? காட்டட்டும். எப்படி எடுத்தார்கள் என்பதையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுதட்டும்.

கேள்வி: நியூசிலாந்து அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துள்ள கப்பல் மணி இருக்கிறதாம். அந்த நாட்டைத் தமிழர்தானே கண்டுபிடித்தார்கள்?

பதில்: மணி உண்மை. 1830களில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி பார்த்து வாங்கினார். இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொகைதீன் பக்சின் கப்பல் மணி என்ற பொருளில் எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்தில் பெயர் வெட்டிய ஒரு முஸ்லிம் கப்பல்காரர் இருந்தார் என்பதற்கு அது சாட்சி. அவர் கப்பல் அவ்வளவு தூரம் போனதா, மணி மட்டும் வேறொரு கப்பலில் கைமாறிப் போனதா என்பதை மணி சொல்லாது. ஒரு மணியை வைத்து நாடு பிடிக்க வேண்டாம். அந்தக் கப்பல்காரர் எந்தத் துறைமுகத்தில் தொழில் செய்தார் என்று தேடினால் அதுவே பெரிய வேலை.