பழைய மதிலில் புதுக்கல் எது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முதலாவது என்னைப் பழைய நாட்களுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நூரம்பேர்க்கில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு நல்லூருக்குத் திரும்பி வந்தவள் நான். அதனால் அந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து அமெரிக்கா போனேன். இவர் அங்கே ஆமியில் வாகனம் திருத்தும் பிரிவில் இருக்கிறார். போன மாதம் மூன்று வருட மாற்றலில் ஜேர்மனியில் வில்செக் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் பழைய ஊர்களைச் சுற்றிப்பார்க்க ஆசை. பட்டியல் போட்டால் நாற்பது ஊர் வருகிறது. கிடைப்பது சனி ஞாயிறு மட்டும்தான், அதுவும் நிச்சயமில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த நாற்பதைப் பத்தாகக் குறையுங்கள். மூன்று வருடம் என்றால் நீண்ட காலம்போலத்தான் தெரியும். ஆனால் உங்களுக்குப் பக்கத்திலேயே கிராபன்வோர் என்ற ஆமிப் பயிற்சிக்களம் இருக்கிறது. கிழமைக்கணக்கில் பயிற்சி, சனி ஞாயிறில் முறைக்கடமை, பிள்ளைக்குக் காய்ச்சல், பனிக்காலம் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்ச நாட்கள்தான். கடைசி இரண்டு மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று ஊர் என்று ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வீடு திரும்பிய பிறகு எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்றே அவர்களால் சொல்ல முடியவில்லை.

தொடக்கம் அம்பேர்க்காக இருக்கட்டும். உங்கள் ஊருக்குள்ளால் ஓடுகிற அதே வில்ஸ் ஆறுதான் அங்கேயும் போகிறது. பழைய மதில் ஊரைச் சுற்றி இன்னும் நிற்கிறது. ஆற்றை மதில் கடக்கிற இடத்தில் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள், அவற்றின் நிழல் தண்ணீரில் விழும்போது இரண்டு வட்டமாகச் சேர்ந்து மூக்குக்கண்ணாடிபோலத் தெரியும். ஊர்ச்சனங்களும் அதை 'ஊர்க் கண்ணாடி' என்றுதான் சொல்கிறார்கள். உல்லாசப் பயணிகள் பெரிதாக வராத ஊர், ஆறுதலாக நடக்கலாம், ஒரு கோப்பி குடித்துவிட்டு மத்தியானத்துக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிடலாம்.

அடுத்தது ரேகன்ஸ்பேர்க். கி.பி. 179இல் உரோமர்கள் டான்யூப் நதிக்கரையில் படைமுகாம் கட்டிய இடம் அது, அந்த முகாமின் வடக்கு வாசலில் ஒரு துண்டு இன்றைக்கும் ஒரு கட்டடத்தின் சுவரோடு சுவராக நிற்கிறது. உங்கள் இவரை அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்னரும் இதேபோல யாரோ ஒருவன் மாற்றலாகி, தெரியாத பாஷை பேசுகிற ஊருக்கு வந்து இந்த வாசலால் உள்ளே போயிருப்பான். அப்புறம் கல்பாலம், 1135இல் தொடங்கி 1146இல் முடித்தது. 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜேர்மன் படையே அதன் சில பகுதிகளை வெடிவைத்துத் தகர்த்தது. முழுதாகத் திருத்தி முடிக்க 1967 ஆகிவிட்டது. ஊரின் மிச்சம் பெரிய சேதமில்லாமல் தப்பியதால் 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ரொத்தன்பேர்க் உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும், எல்லோர் பட்டியலிலும் இருக்கும். சித்திரம்போல வடிவான ஊர், சனக்கூட்டமும் அப்படித்தான். அதனால் பகலில் போய்த் திரும்பாமல் ஒரு இரவு தங்குங்கள். பின்னேரம் பஸ்கள் புறப்பட்ட பிறகுதான் ஊர் ஊராகிறது. இரவில் கறுப்பு அங்கியும் விளக்குமாக ஒரு காவல்காரர் கூட்டிக்கொண்டு நடப்பார், ஆங்கிலத்திலும் கதை சொல்வார்.

ஆனால் அந்த ஊருக்கு நான் உங்களை அனுப்புவது வடிவுக்காக மட்டுமல்ல. 1945 மார்ச் 31ஆம் திகதி அங்கே குண்டு விழுந்தது, ஏறக்குறைய ஊரில் பத்தில் நாலு பங்கு போனது, மதிலில் அறுநூறு மீற்றருக்கு மேல் இடிந்தது. சில நாளில் அமெரிக்கப் படை வாசலுக்கு வந்துவிட்டது. அப்போது அமெரிக்க யுத்தத் துணைச் செயலாளராக இருந்தவர் ஜோன் மெக்லோய். இந்த ஊரின் அழகைப் பற்றி அவருடைய தாயார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். பீரங்கியால் அடிக்க வேண்டாம், பேசிப் பாருங்கள் என்று அவர் சொல்ல, ஊரைக் காவல் காத்த ஜேர்மன் அதிகாரியும் கடைசிவரை சண்டை பிடி என்ற கட்டளையை மீறி ஊரைக் கையளித்தார். எஞ்சியது அப்படித்தான் எஞ்சியது. பிறகு உலகம் முழுவதிலுமிருந்து காசு அனுப்பி மதிலைக் கட்டினார்கள். கொடுத்தவர்களின் பெயர் மதிலிலேயே கல்லில் பொறித்திருக்கிறது, ஜப்பான்காரரின் பெயர்களும் நிறைய உண்டு. மதிலுக்கு மேல் ஏறி நடக்கக் காசு இல்லை. நடக்கும்போது பழைய கல் எங்கே முடிகிறது, புதுக்கல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மற்றவர்கள் அதைக் கவனிக்காமல் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த உங்கள் கண்ணுக்கு அது தானாகப் பிடிபடும். அந்த மதிலில் முதல்முறை நடந்தபோது நான் அழுதேன். வீடு இடிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், இடிந்த ஒரு ஊர் திரும்ப எழும்பி நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நூரம்பேர்க்கும் அதே கதைதான், இன்னும் பெரிய அளவில். 1945 ஜனவரி 2ஆம் திகதி இரவு பழைய நகரம் முக்கால்வாசிக்கு மேல் அழிந்தது. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற கோட்டையும் தேவாலயங்களும் பெரும்பாலும் திருத்திக் கட்டியவை. நாஜித் தலைவர்களை விசாரித்த 600ஆம் இலக்க நீதிமன்ற அறையும் அங்கேதான் இருக்கிறது. ஆமியில் வேலை செய்கிற ஒருவர் பார்க்கவேண்டிய அறை அது. கட்டளை தந்தார்கள், செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அந்த விசாரணையில்தான் உறுதியானது.

மிச்ச ஊர்களை நீங்களே தெரிவு செய்யுங்கள். பிடித்த ஊருக்கு இரண்டாம் முறை, வேறு பருவத்தில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் பூட்டு, திங்களில் பல நூதனசாலைகள் பூட்டு, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: (அதே வாசகி) இவர் கிழமைக்கணக்கில் பயிற்சிக்குப் போனால் நானும் மூன்று வயதுப் பிள்ளையும் தனிய. எனக்குக் கார் ஓடத் தெரியாது. அவர் வரும்வரை காத்திருப்பதா?

பதில்: காத்திருக்கவே வேண்டாம், பிள்ளை! வில்செக்கிலிருந்து நூரம்பேர்க்குக்கு ரயில் இருக்கிறது. பயேர்ன் ரிக்கெற் என்று ஒரு நாள் ரிக்கெற் கேளுங்கள். அதை வைத்து பவேரியா மாநிலம் முழுவதும் சாதாரண ரயில்களில் எத்தனை தரமும் ஏறி இறங்கலாம், ஐந்து பேர்வரை ஒரே ரிக்கெற்றில் போகலாம். வேலைநாளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடுகதி ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள். முகாமில் உங்களைப் போலவே தனித்திருக்கும் இன்னொரு மனைவியையும் சேர்த்துக்கொண்டால் ஆளுக்கு வரும் செலவு குறையும், பேச்சுத்துணையும் கிடைக்கும். தள்ளுவண்டி கொண்டுபோனால் சில்லுப் பெரிதாக இருக்கட்டும், கல்பதித்த தெருக்களில் சின்னச் சில்லு சிக்கிவிடும். அவர் இல்லாமல் பார்த்துவிட்டேனே என்று மனம் சங்கடப்படவும் வேண்டாம். நீங்கள் முதலில் பார்த்த ஊரை அவருக்கு நீங்கள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், நல்ல சந்தோசமாக இருக்கும்.

கேள்வி: என் மகளும் மருமகனும் இப்படித்தான் அமெரிக்க ஆமி மாற்றலில் ஜேர்மனியில் இருக்கிறார்கள். வந்து எங்களோடு சுற்றிப்பாருங்கள் அம்மா என்கிறார்கள். ஆமிக் குடும்பம் என்பதால் எனக்கு விசா இலகுவா? – சாவகச்சேரி வாசகி

பதில்: இல்லை அம்மா. மருமகனோடு போன மனைவி பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சலுகை. நீங்கள் மற்ற எல்லோரையும்போல ஷெங்கன் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நூற்றெண்பது நாளுக்குள் ஆகக்கூடியது தொண்ணூறு நாள் நிற்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்குப் போய் வரவேண்டியிருப்பதால் நாள் பிந்தாமல் தொடங்குங்கள். மே அல்லது செப்டெம்பரில் போனால் குளிர் உங்களை வருத்தாது. சேலையோடு சப்பாத்துப் போடக் கூச்சப்படாதீர்கள், அந்தக் கல்தெருவில் செருப்போடு நடந்தால் முழங்கால் போய்விடும்.

கேள்வி: பிள்ளைகள் வெளிநாட்டில் கோட்டை கோட்டையாகப் பார்க்கிறார்கள். எங்கள் கோட்டையை அவர்களுக்குக் காட்டியவர் யார்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை

பதில்: மாஸ்டர், உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பின்னேரக் காற்று வாங்கத்தான் போகிறோம். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலைக் கோட்டையாக்கினார்கள். வெளிமதில் வேலை முடிந்தது 1792இல், மூன்றே வருடத்தில் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் எங்கள் காலத்துச் சண்டையில் தரைமட்டமானது. பழைய முருகைக்கல்லுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய பகுதி அங்கேயும் தெளிவாகத் தெரியும். நீங்கள் இருபது பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை காலை கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் வருகிறேன், ரொத்தன்பேர்க் மதிலில் எடுத்த படங்களையும் கொண்டுவருகிறேன்.

கேள்வி: ஜேர்மனியில் தமிழோடு தொடர்புள்ள பழைய ஊர் ஏதும் உண்டா? – மானிப்பாய் வாசகர்

பதில்: உண்டு, ஹாலே. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர். அங்கேதான் தமிழ் எழுத்துகளை அச்சுக்காக வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். தரங்கம்பாடியில் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 அளவில் அச்சாகி முடிந்தது. ஹாலேயில் 1698இல் தொடங்கிய, அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமும் பள்ளிக்கூடங்களும் சேர்ந்த பிராங்கே நிறுவனக் கட்டடங்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே சேகரித்து வைத்திருக்கிறார்கள். வில்செக் தங்கச்சியும் இதை வாசித்தால் பத்தில் ஒன்றாக ஹாலேயையும் எழுதிக்கொள்ளட்டும், நூரம்பேர்க்கிலிருந்து வடக்கே நேரே போகிற பெருந்தெருவால் போகலாம். ஓலைகளைக் கண்ணால் பார்க்க விருப்பமென்றால் போவதற்கு முன்னமே எழுதிக் கேட்டு அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள்.