ஆடிப்பட்டக் கத்தரியைப் பிடுங்கலாமா?

மாடித் தோட்டப் பைகளில் ஆடியில் போட்ட கத்தரியும் வெண்டையும் மார்கழி வரை காய்த்துக் கொட்டியது, இப்போது காய்ப்பு நின்றுவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அதே பையில் தக்காளி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடியில் இப்படி ஒரு பட்டம் அமைந்தது உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

கத்தரியைப் பிடுங்காதீர்கள். தண்டு திடமாக இருந்தால் மண்ணிலிருந்து ஓர் அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். இரண்டு கை மண்புழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போட்டால் புதுக் கிளை விட்டு மறுபடி காய்க்கும். வெட்டிய தண்டில் ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு இருக்கும். அந்தத் தண்டை மட்டும் உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள்.

வெண்டையின் ஆயுசு அவ்வளவுதான், எடுத்துவிடலாம். நன்றாகக் காய்த்த செடியில் இரண்டு காயை முற்றவிட்டு விதை எடுத்தீர்களா? இல்லையென்றால் அதற்கு மட்டும் பொறுத்திருங்கள். பிடுங்கும்போது வேரைக் கட்டாயம் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழு அல்லாத புழு, இருக்கிறது. அந்த மண்ணைக் கோடை வெயிலில் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு மாதம் காயவைத்து, அப்புறம் செண்டுமல்லி வையுங்கள்.

வேர் சுத்தமாக இருந்தால் வெண்டைப் பையில் தக்காளி தாராளமாக வைக்கலாம். கத்தரியைப் பின்னால் எடுத்தாலும் அந்தப் பையில் தக்காளி வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம், வாடல் நோய் மண் வழியே தொற்றும். அப்போது அங்கே கொத்தவரையோ கீரையோ போடுங்கள்.