மணலிப் புகை, மகனுக்கு இழுப்பு: வீட்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: வட சென்னையில், தொழிற்சாலைகள் சூழ்ந்த மணலி புதுநகரில் வசிக்கிறோம். 7 வயது மகனுக்கு ஒரு வருடமாக இரவில் இருமல், இழுப்பு. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அது பழகிவிடும், நிறுத்து என்கிறார் மாமியார். ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா, வீட்டையே மாற்றலாமா? கம்பெனியிடம் நஷ்டஈடு வாங்கித் தருவதாக ஒருவர், டாக்டர் சர்டிபிகேட்டுக்கு 15,000 ரூபாய் கேட்கிறார்.

பதில்: அம்மா, முதலில் அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இந்தப் பிள்ளையின் ஆஸ்துமா இன்ன புகைபோக்கியால்தான் வந்தது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அப்படி எழுதித் தருகிற சர்டிபிகேட் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்விக்கே தாங்காது. அதற்குள் புரோக்கர் போனை அணைத்திருப்பார்.

புகைக்கும் இழுப்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே சுருக்கிவிடும். நம் நாட்டில் இந்த வாயுவுக்கான வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். ஒரு மணி நேரத்துக்கென்று வரம்பே வைக்கவில்லை. நள்ளிரவில் அரை மணி நேரம் வந்து போன வாயு, மீதி நாளின் காற்றோடு சேர்ந்து சராசரியில் கரைந்துவிடுகிறது. உங்கள் பிள்ளை விடிய விடிய உட்கார்ந்து இருமியது எந்தக் கணக்கிலும் வராது. அனல்மின் நிலையங்கள் இந்த வாயுவைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் விதி போட்டு, இரண்டு வருடம் கெடு கொடுத்தார்கள். பிறகு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். வளர்கிற பிள்ளை இன்னும் எத்தனை கெடுவுக்குக் காத்திருப்பான்?

பியூரிஃபையர் விஷயத்துக்கு வருகிறேன். அதிலுள்ள ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். 'ஓசோன் சுத்தம்' என்று விற்கும் மெஷினை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஓசோன் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். அந்தப் பணத்தில் ஸ்பேசரும் (இன்ஹேலரோடு பொருத்தி மூச்சிழுக்கும் குழாய்) மருந்தும் வாங்குங்கள், கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். லேபிள் இல்லாத 'மூலிகைப் பொடி' எதுவும் வேண்டாம். சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

இன்ஹேலர் பழக்கமாகாது என்று மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். தினமும் போடும் தடுப்பு இன்ஹேலர் வேறு, இழுப்பு வந்தால் போடும் நீல இன்ஹேலர் வேறு. இருமல் நின்றதும் முதலாவதை நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. போடும் முறையும் முக்கியம்: நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரு முறை மட்டும் அழுத்தி, பையனை அதன் வழியே ஐந்தாறு தடவை நிதானமாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடம் பொறுங்கள். தடுப்பு இன்ஹேலர் போட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள்.

இதை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். அப்படியும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் வீடு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். வசதி இருந்தால் இப்போதே மாறுவதும் நல்லதுதான். கடன் வாங்கி மாறுவதற்கு முன் மருந்து சரியாக உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

புகை நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு உங்கள் பக்கத்து எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் வீட்டை விட்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். கண்ணும் தொண்டையும் எரிகிற அந்தக் காரநெடி வீட்டுக்குள் ஏறிவிட்டால் உள்ளே இருக்காதீர்கள். ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வெளியேறுங்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும். நீல இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கதவுப் பக்கமே மாட்டி வையுங்கள். விலா உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நீல மருந்தைக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நஷ்டஈட்டுக்கு வழி உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப்படியே இலவச வக்கீல் உதவி உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். நாற்றம் வந்த நாள், மணி, காற்றின் திசை, இருமல் தொடங்கிய நேரம், எத்தனை முறை நீல மருந்து போட்டீர்கள் என்று இன்றிரவே எழுதத் தொடங்குங்கள். டாக்டருக்கும் அதே நோட்டைக் காட்டுங்கள்.