ஒன்பது பந்து பூல் ஆட்டத்தில் எதிராளி மெதுவாக பிரேக் (பந்து அடுக்கைக் கலைக்கும் முதல் அடி) அடித்தே வரிசையாக ஜெயிக்கிறார், இது ஃபவுலா?

ஃபவுல் இல்லை. ஒன்பது பந்து ஆட்டத்தில் பிரேக்கில் ஏதாவது ஒரு பந்து குழியில் விழுந்தாலே அது செல்லும். ஒன்றும் விழாதபோதுதான் குறைந்தது 4 பந்துகள் குஷனை (மேசையின் ஓரத் தடுப்பை) தொட்டாக வேண்டும். வேகம் பற்றிப் பொது விதியில் பேச்சே இல்லை.

அடுக்கின் ஓரத்தில் நிற்கும் அந்த ஓரத்துப் பந்து ஒவ்வொரு தடவையும் மூலைக் குழிக்குப் போகிறது என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் ரேக்தான், அதாவது பந்துகளை அடுக்கிய விதம். 1-ஆம் பந்து மேசையில் குறித்த புள்ளியின் மேல் நின்று, மற்றவை இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றால், அந்த ஓரத்துப் பந்து கிட்டத்தட்டத் தானாகவே விழும். மெதுவாக அடிப்பவருக்கு க்யூ பந்தும் (கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து) கட்டுக்குள் நிற்கும். ஜெயித்தவருக்கே அடுத்த பிரேக்கும் என்றால், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தே தோற்க வேண்டியதுதான். நியாயமில்லை என்று நீங்கள் கொதிப்பது எனக்குப் புரிகிறது. மாறி மாறி பிரேக் அடிப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் நடுவரிடம் கேளுங்கள்:

1. மூன்று புள்ளி விதி உண்டா? அதாவது, 3 பந்துகளாவது குழியில் விழவோ தலைக்கோட்டை (பிரேக் அடிப்பவர் பக்கத்துக் கோட்டை) எட்டவோ வேண்டும்.
2. 9-ஆம் பந்தைப் புள்ளியில் வைத்து அடுக்குவார்களா? அப்படி அடுக்கினால் ஓரத்துப் பந்து அவ்வளவு சுலபமாக விழாது.

ஆனால் 1-ஆம் பந்தை நடுக்குழியில் போடப் பழகியவரை இரண்டாவது மாற்றம் தடுக்காது. நடக்கும் போட்டியின் பாதியில் விதியை மாற்றச் சொல்லாதீர்கள், அது அவருக்கு அநியாயம்.